நண்பகல் அரங்கு: நாற்றங்காலா, விளைநிலமா? – இலண்டன் மதியவேளைக் குறுநாடகங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

நகர மையத்தில், அலுவலக இடைவேளையில், ஒரு மணி நேரத்துக்குள் நிகழ்ந்து முடியும் குறுநாடகங்களை நாடக வரலாறு பெரும்பாலும் ஒரு நாற்றங்காலாகவே கருதி வந்துள்ளது. அங்கே முளைத்தது மாலை நேரப் பேரரங்கில் நடப்பட்டு வளர்ந்தால் மட்டுமே அதற்கு மதிப்பு என்பது இக்கருத்தின் உட்கிடை. எட் பெர்மன் 1968இல் இலண்டனில் தொடங்கிய ஆம்பியன்ஸ் மதியவேளை நாடகக் கழகத்தையும், அதன் தொடர்ச்சியான ஆல்மோஸ்ட் ஃப்ரீ அரங்கையும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அம்மதிப்பீட்டை மறுபரிசீலனை செய்கிறது. டாம் ஸ்டாப்பர்டின் மூன்று நாடகங்கள், 1973ஆம் ஆண்டின் பெண்கள் நாடகப் பருவம், 1975ஆம் ஆண்டின் தன்பாலீர்ப்பாளர் நாடகப் பருவம் ஆகியவை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. பொழுது இந்நாடகங்களுக்குப் புறவரையறையாக மட்டும் அமையாமல் அவற்றின் உருவத்தையும் பொருளையும் தீர்மானிக்கும் முதற்பொருளாக அமைகிறது என்பது கட்டுரையின் கருதுகோள்.

திறவுச் சொற்கள்: மதியவேளை அரங்கு, குறுநாடகம், பொழுது, எட் பெர்மன், டாம் ஸ்டாப்பர்ட், ஆல்மோஸ்ட் ஃப்ரீ, மாற்று அரங்கு.

1. முன்னுரை

நாடகத்தை ஆராய்வோர் அரங்கின் இடத்தைப் பற்றி எழுதும் அளவுக்கு அதன் நேரத்தைப் பற்றி எழுதுவதில்லை. மேடையின் நீளஅகலம், பார்வையாளர் அமரும் முறை, திரை, ஒளி ஆகியவை குறித்து விரிவான ஆய்வுகள் உள்ளன. எப்பொழுது நாடகம் நிகழ்கிறது என்னும் வினா விளம்பரத் தாளுக்கு உரியதாகவே விடப்படுகிறது. தமிழ் மரபில் வந்த ஆய்வாளருக்கு இக்குறை எளிதில் புலப்படும். நிலமும் பொழுதும் என்னும் இரண்டின் இயல்பையே முதற்பொருள் என்று தொல்காப்பியம் வகுக்கிறது. பாலைக்கு நண்பகல் உரியது என்னும்போது பொழுது வெறும் பின்னணியாக நிற்பதில்லை. பிரிவு என்னும் உரிப்பொருளோடு இயைந்து நிற்கிறது. அகப்பாடலுக்கென வகுக்கப்பட்ட இந்நெறியை வேற்று நிலத்து நாடகத்தின்மேல் அப்படியே பொருத்துவது இக்கட்டுரையின் நோக்கமன்று. பொழுதை முதலில் வைத்துத் தொடங்கும் அந்தப் பார்வை முறை மட்டுமே இங்குக் கடனாகப் பெறப்படுகிறது.

இரவு முழுவதும் நிகழ்ந்து விடியலில் முடியும் தெருக்கூத்தை அறிந்தவர், பொழுது மாறினால் கூத்தின் உடலே மாறிவிடும் என்பதையும் அறிவர். அதை மாலையில் இரண்டு மணி நேர மேடைக்குச் சுருக்கும்போது நீளம் மட்டும் குறைவதில்லை. பார்வையாளர் தூங்கி விழித்து மீண்டும் கதைக்குள் நுழையும் உறவும் இல்லாமற்போகிறது. இதன் மறு எல்லையில் நிற்பது மதியவேளை நாடகம். பகலின் நடுவில், இரண்டு வேலை நேரங்களுக்கு இடையில், உணவுத் தட்டோடு பார்க்கப்படும் நாடகம் அது. அப்பொழுது அந்நாடகத்தை என்ன செய்தது என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

2. ஓரங்க நாடகமும் மதியவேளை நாடகமும்

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்த வேண்டும். ஓரங்க நாடகம் என்பது அமைப்பு சார்ந்த பெயர். கதை ஓர் அங்கத்துள் அடங்குகிறது என்பதே அதன் பொருள். அதை மாலையில் இன்னொரு நாடகத்தோடு இணைத்தும் நடிக்கலாம், வானொலியில் ஒலிபரப்பலாம், பள்ளி ஆண்டு விழாவில் அரங்கேற்றலாம். மதியவேளை நாடகம் என்பதோ நேரம் சார்ந்த பெயர். அது அங்கத்தால் குறுகியதன்று, பொழுதால் குறுகியது.

இவ்வேறுபாட்டிலிருந்து மூன்று விளைவுகள் எழுகின்றன. முதலாவது, பார்வையாளரின் நிலை. மாலை நாடகத்துக்கு வருபவர் அன்றைய வேலையை முடித்துவிட்டு வருகிறார். நண்பகலில் வருபவர் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு வருகிறார். திரும்பிச் செல்லவும் வேண்டும். எனவே நாடகம் முடியும்போது அவருடைய நாள் முடிவதில்லை. இரண்டாவது, இடத்தின் நிலை. பகலில் வெறுமையாகக் கிடக்கும் அடித்தளம், உணவகத்தின் கீழ்த்தளம், மதுக்கூடத்தின் பின்னறை முதலியவை நாடகத்துக்குக் கிடைக்கின்றன. அவை அரங்கென்று கட்டப்பட்டவை அல்ல. மூன்றாவது, இழப்பின் அளவு. சிறு நாடகம், சிறு கூடம், சில நாள் நிகழ்வு எனும்போது தோல்வியின் விலை குறைகிறது. விலை குறையும்போது துணிவு கூடுகிறது. இம்மூன்றும் சேர்ந்தே இலண்டனின் மதியவேளை அரங்கை உருவாக்கின.

3. ஆம்பியன்ஸ் முதல் ஆல்மோஸ்ட் ஃப்ரீ வரை

1968ஆம் ஆண்டு பிரித்தானிய நாடக வரலாற்றில் ஒரு திருப்புமுனை. நாடகப் பிரதிகளைப் படித்து உரிமம் வழங்கிவந்த லார்டு சேம்பர்லினின் தணிக்கை அதிகாரம் அவ்வாண்டு நிறைவேறிய நாடக அரங்குகள் சட்டத்தால் முடிவுக்கு வந்தது. அதுவரை தணிக்கைக்கு உட்படாத நாடகங்களை நிகழ்த்த விரும்பியோர் உறுப்பினர் கழகம் என்னும் வடிவத்தையே நாடவேண்டியிருந்தது. அமெரிக்காவில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் கற்க வந்து இங்கிலாந்திலேயே தங்கிவிட்ட எட் பெர்மன் அதே ஆண்டில் இன்டர்-ஆக்ஷன் என்னும் சமூகக் கலை அமைப்பைத் தொடங்கினார். ஆம்பியன்ஸ் என்னும் உணவகத்தின் அடித்தளத்தில் மதியவேளை நாடகக் கழகம் ஒன்றையும் நிறுவினார். உணவகத்தின் பெயரே கழகத்தின் பெயராயிற்று. பின்னர் கழகம் சோஹோவிலுள்ள கிரீன் பனானா உணவகத்துக்கு இடம்பெயர்ந்தது. 1971 இறுதியில் ரூபர்ட் வீதியில் தனக்கென ஓர் அரங்கைப் பெற்றது. 'ஏறத்தாழ இலவசம்' எனப் பொருள்படும் ஆல்மோஸ்ட் ஃப்ரீ என்னும் அதன் பெயர் கட்டண விதியையே அறிவித்தது: பார்வையாளர் தம்மால் இயன்றதைக் கொடுத்தால் போதும்.

இன்டர்-ஆக்ஷனின் பிற பணிகளையும் இணைத்தே இவ்வரங்கைப் பார்க்க வேண்டும். பேருந்து ஒன்றையே நடமாடும் அரங்காக மாற்றியதும், வடக்கு இலண்டனின் கென்டிஷ் டவுனில் நகரப் பண்ணை ஒன்றை அமைத்ததும் அதே அமைப்புத்தான். பயன்படாமல் கிடக்கும் இடத்தைக் கண்டு அதற்கொரு பயன் கொடுப்பது இவை அனைத்துக்கும் பொதுவான நோக்கு. அந்நோக்கு இடத்திலிருந்து காலத்துக்கு விரிந்ததன் விளைவே மதியவேளை அரங்கு எனலாம். நகரத்து உழைப்பாளியின் நாளில் உரிமை கோரப்படாமல் கிடந்த நிலத்துண்டாக நண்பகலைப் பெர்மன் கண்டார்.

அவர் மட்டும் இம்முயற்சியில் ஈடுபட்டார் என்று கருதிவிடக்கூடாது. ஃப்ரெட் ப்ரௌடும் வெரிட்டி பார்கேட்டும் நடத்திய சோஹோ தியேட்டர் குழு 1972இல் ரைடிங் ஹவுஸ் வீதியில், பல்தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றின் அடித்தளத்தில் நிலைகொண்டு, சோஹோ பாலி என்னும் பெயரில் மதிய நாடகங்களை நிகழ்த்தியது. 1970இல் டான் கிராஃபோர்டு தொடங்கிய கிங்ஸ் ஹெட், 1971இல் சாம் வால்டர்ஸ் ரிச்மண்டில் தொடங்கிய ஆரஞ்சு ட்ரீ ஆகியவை மதுக்கூடங்களோடு இணைந்த அரங்குகள். இவற்றின் தொடக்க வரலாற்றிலும் மதியவேளை நிகழ்வுக்கு இடமுண்டு. ஆயினும் பொழுதைப் பற்றிய சிந்தனை நாடகப் பிரதிக்குள்ளேயே இறங்கியதைப் பெர்மனின் அரங்கில் தெளிவாகக் காணமுடிகிறது. அதற்குச் சான்று தருபவை டாம் ஸ்டாப்பர்டு அவ்வரங்குக்கு எழுதிய மூன்று நாடகங்கள்.

4. ஸ்டாப்பர்டின் மூன்று நாடகங்கள்

1967இல் நேஷனல் தியேட்டரில் நிகழ்ந்த 'ரோசன்கிரான்ட்ஸ் அண்ட் கில்டன்ஸ்டர்ன் ஆர் டெட்' ஸ்டாப்பர்டுக்குப் பெரும்புகழ் தந்திருந்தது. அத்தகைய ஆசிரியர் உணவகத்து அடித்தளத்துக்கு எழுத முன்வந்ததை நட்பின் பொருட்டான சிறுபணி என்று ஒதுக்கிவிட இயலாது.

4.1 கடந்து செல்பவனின் கண்

1970இல் கிரீன் பனானா உணவகத்தில் அரங்கேறியது 'ஆஃப்டர் மக்ரீத்'. திரை விலகும்போது காணும் காட்சி அறிவுக்கு ஒவ்வாதது. துணி தேய்க்கும் பலகைமேல் ஒரு மூதாட்டி படுத்திருக்கிறார். அவர் வயிற்றின்மேல் ஒரு தொப்பி. முழங்கால் தாண்டிய மீன்பிடிக் காலணியுடன் மேலாடையற்ற ஓர் ஆண் விளக்கை நோக்கி ஊதிக்கொண்டிருக்கிறார். நடன உடையணிந்த ஒரு பெண் தரையில் ஊர்ந்து எதையோ தேடுகிறார். தட்டுமுட்டுப் பொருள்கள் வாயிலை அடைத்துக் கிடக்கின்றன. சன்னல் வழியாக ஒரு காவலர் இதனைப் பார்க்கிறார். அடுத்து வரும் பகுதியில் ஒவ்வொன்றுக்கும் முற்றிலும் இயல்பான காரணம் இருந்தது தெரியவருகிறது. விளக்கைக் கழற்றுமுன் அதன் சூட்டை ஆற்றவே அவர் ஊதினார் என்பது போன்ற எளிய காரணங்கள் அவை.

நாடகத்தின் மையமான வழக்கு வேறொன்று. மக்ரீத் ஓவியக் காட்சியைக் கண்டு திரும்பும் வழியில் குடும்பத்தார் காரிலிருந்தபடி ஒற்றைக்கால் மனிதர் ஒருவரைக் கணநேரம் பார்க்கின்றனர். கணவருக்கு அவர் ஆமையை ஏந்திய வெண்தாடிக் கிழவர். மனைவிக்குப் பந்தை ஏந்திய கால்பந்தாட்டக்காரர். தாய்க்குக் கைப்பையும் மட்டையும் கொண்ட சிறைக்கைதி. இறுதியில், பாதி மழித்த முகத்தோடு, காற்சட்டையின் ஒரே காலுக்குள் இரு கால்களையும் நுழைத்துக்கொண்டு தம் காரை நோக்கி ஓடிய காவல் ஆய்வாளரே அவர் என்பது வெளிப்படுகிறது. வழக்கை விசாரிக்க வந்தவரே வழக்கின் பொருளாகிறார்.

இந்நாடகத்தை அறிவாராய்ச்சியியல் பகடியாகப் படிப்பது பெருவழக்கு. அப்படிப்பில் தவறில்லை. ஆனால் அது நிகழ்ந்த பொழுதையும் இடத்தையும் சேர்த்துப் படித்தால் இன்னொரு தளம் திறக்கிறது. தெருவிலிருந்து உள்ளே வந்து, ஏறத்தாழ முக்கால் மணி நேரம் அமர்ந்து, மீண்டும் தெருவுக்கே திரும்பும் பார்வையாளர் அவ்வழக்கில் சாட்சியாக்கப்படுகிறார். கடந்து செல்லும்போது கண்டதை வைத்து முடிவு செய்வது நகரவாசியின் அன்றாடப் பழக்கம். அதை நகைப்புக்கு உள்ளாக்கிவிட்டு அவரை மதிய நேரத்து நடைபாதைக்கே நாடகம் திருப்பியனுப்புகிறது. தூங்கி எழுந்து மறுநாள் நகரத்தைக் காணும் மாலைப் பார்வையாளருக்கு இவ்வுடனடிச் சோதனை வாய்ப்பதில்லை.

4.2 மேடை கட்டும் மொழி

1971 டிசம்பரில் ஆல்மோஸ்ட் ஃப்ரீ அரங்கின் திறப்புக்கென எழுதப்பட்டது 'டாக்ஸ் அவர் பெட்'. இத்தலைப்பு இன்டர்-ஆக்ஷனின் நடிப்புக் குழுவான டாக்ஸ் ட்ரூப் என்பதன் எழுத்துகளை மாற்றியடுக்கிப் பெற்றது. கட்டடத் தொழிலாளர் ஒருவர் 'பலகை', 'கட்டை' எனக் குரல்கொடுக்க, மற்றவர் அப்பொருள்களை எறிகிறார் என்னும் விட்கென்ஸ்டைனின் மொழி விளையாட்டு இதன் அடிப்படை. ஒரே சொல்லை ஒருவர் பொருளின் பெயராகவும் மற்றவர் வேறொரு செய்தியாகவும் கொள்ளக்கூடும். அப்போதும் வேலை நடந்துவிடும் என்பதே நகைச்சுவையின் வேர்.

இங்குக் கவனிக்க வேண்டியது, மேடையில் கட்டப்படுவதும் ஒரு மேடையே என்பது. புதிய அரங்கின் முதல் நாளில் அரங்கு கட்டும் தொழிலே நாடகமாகிறது. பகல் நேரம் உழைப்பின் நேரம். அந்நேரத்தில் நிகழும் நாடகம் உழைப்பை மறைத்துவிட்டு விளைவை மட்டும் காட்டவில்லை, உழைப்பையே காட்டுகிறது. பிற்காலத்தில் இந்நாடகம் ஷேக்ஸ்பியரைச் சுருக்கும் வேறொரு முயற்சியோடு இணைந்து 1979இல் 'டாக்ஸ் ஹேம்லெட்' என விரிவுபெற்றது. மூலத்தின் இந்தத் திறப்புவிழாப் பொருத்தம் விரிந்த வடிவத்தில் மங்கிவிட்டது என்பதையும் சுட்டவேண்டும்.

4.3 இடைவேளையில் புகுந்த நாடகம்

மூன்றாவது நாடகமே இவ்வாய்வுக்கு மிக முதன்மையானது. 1976 ஏப்ரலில் ஆல்மோஸ்ட் ஃப்ரீயில் அரங்கேறிய 'டர்ட்டி லினன்', நாடாளுமன்ற உறுப்பினர்களின் ஒழுக்கக்கேடு குறித்து விசாரிக்கும் குழுவைப் பற்றிய கேலி நாடகம். விசாரிப்போரில் பலரும் குழுவின் செயலராக வந்திருக்கும் மாடி என்னும் இளம்பெண்ணோடு தொடர்புடையவர்கள். சுருக்கெழுத்தும் சரிவரத் தெரியாதவளாகக் காட்டப்படும் அப்பெண்ணே இறுதியில் குழு ஏற்கும் அறிக்கையின் கருத்தை வழங்குகிறாள். சட்டத்தை மீறாதவரை உறுப்பினரின் தனிவாழ்வு அவருக்கே உரியது என்பது அதன் சாரம்.

நாடகத்தின் நடுவே குழு ஒத்திவைக்கப்பட, உறுப்பினர்கள் வெளியேறுகின்றனர். அறை வெறுமையாகிறது. அப்போது உள்துறை அலுவலர் இருவர் அவ்வறைக்குள் நுழைகின்றனர். அங்கிருந்து 'நியூ-ஃபௌண்ட்-லேண்ட்' என்னும் வேறொரு நாடகம் தொடங்குகிறது. பிரித்தானியக் குடியுரிமை கோரும் அமெரிக்கர் ஒருவரின் விண்ணப்பத்தை அவர்கள் ஆராய்கின்றனர். மூத்தவர் உறங்கிவிட, இளையவர் அமெரிக்காவைக் குறுக்காகக் கடக்கும் நீண்ட கற்பனைப் பயணத்தை ஒரே மூச்சில் விவரிக்கிறார். பின்னர் குழுவினர் திரும்பி வந்து அறைக்கு உரிமை கோருகின்றனர். பெர்மன் பிரித்தானியக் குடியுரிமை பெற்றதையொட்டி எழுதப்பட்டது இவ்வுள்நாடகம். விண்ணப்பித்த அமெரிக்கரின் சாயல் யாருடையது என்பதை அன்றைய பார்வையாளர் அறிந்திருப்பர்.

இதனை நட்புக்கு எழுதிய வாழ்த்துரை எனக் கொள்வதோடு நின்றுவிட்டால் அமைப்பின் நுட்பம் தவறிவிடும். ஓர் அமைப்பின் இடைவேளையில், அதன் வெற்று அறையில், அதற்குத் தொடர்பற்ற வேறொரு குழு புகுந்து தன் வேலையைச் செய்துகொள்வதுதான் மதியவேளை அரங்கின் இலக்கணம். உணவகத்தின் வெற்று அடித்தளத்தில் பெர்மன் செய்ததும் அதுவே. நாடகம் தான் நிகழும் அரங்கின் வாழ்முறையையே தன் அமைப்பாக்கிக்கொண்டது. உள்நாடகத்தின் பொருள் குடியுரிமை. வந்தேறியவர் நிலைபெற முடியுமா, இடைவேளையில் நுழைந்தவருக்கு அறையில் உரிமை உண்டா என்னும் இரண்டு வினாக்களும் ஒரே வினாவாக இங்குக் கலக்கின்றன.

இந்நாடகம் அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ஆர்ட்ஸ் தியேட்டருக்கு மாற்றப்பட்டு ஆண்டுக்கணக்கில் ஓடியது. நாற்றங்கால் கருத்துக்கு இதைவிடச் சிறந்த சான்று தேவையில்லை என்று தோன்றலாம். ஆயின் மாலை அரங்கில் அந்த உள்நாடகம் என்னவாகியது என்பதையும் கேட்க வேண்டும். பார்வையாளரும் இடைவேளையில் இருக்கிறார் என்னும் உடனிகழ்வு அங்கே இல்லை. ரூபர்ட் வீதியில் நாடகத்தின் அச்சாக இருந்தது மாலையில் ஒரு விந்தைச் செருகலாகவே எஞ்சும். இடம்பெயர்ப்பால் நாடகம் ஒன்றைப் பெற்றது, ஒன்றை இழந்தது. வரலாறு பெற்றதை மட்டுமே பதிவுசெய்தது.

5. பொழுது யாருக்குக் கிடைத்தது?

மதியவேளை அரங்கின் பங்களிப்பைப் புகழ்பெற்ற ஓர் ஆசிரியரின் பிரதிகளைக் கொண்டு மட்டும் அளந்தால் மற்றொரு பிழை நேரும். மாலை அரங்கில் இடம் பெறாதோர் நண்பகலில் பெற்ற இடமே அதன் கூடுதல் முதன்மையான பகுதி.

ஆம்பியன்ஸ் காலத்திலேயே அமெரிக்கக் கறுப்பின நாடக ஆசிரியர் எட் புல்லின்ஸின் நாடகங்கள் ரோலண்ட் ரீஸின் இயக்கத்தில் நிகழ்ந்தன. டிரினிடாடில் பிறந்த முஸ்தபா மாதுராவின் குறுநாடகத் தொகுதியை 1970இல் மேடையேற்றியவரும் ரீஸே. மாதுராவின் 'ப்ளே மாஸ்' 1974இல் ராயல் கோர்ட் அரங்கை எட்டியது.

1973இல் ஆல்மோஸ்ட் ஃப்ரீயில் பெண்கள் நாடகப் பருவம் ஒன்று நடைபெற்றது. பாம் ஜெம்ஸ், மிச்செலின் வாண்டர் ஆகியோர் அதில் பங்கேற்ற எழுத்தாளர்கள். எழுத்தில் மட்டுமன்றி இயக்கத்திலும் அரங்கப் பணியிலும் பெண்கள் இடம்பெற வேண்டும் என்பதே அதன் கோரிக்கை. பருவம் முடிந்ததும் அதில் கலந்துகொண்டோர் கலைந்துவிடவில்லை. விமன்ஸ் தியேட்டர் குரூப் அதிலிருந்து உருவாயிற்று. பின்னாளில் ஸ்பிங்க்ஸ் எனப் பெயர் மாறிய குழு அது. பாம் ஜெம்ஸின் 'பியாஃப்' 1978இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியால் நிகழ்த்தப்பட்டது.

1975இல் அதே அரங்கில் தன்பாலீர்ப்பாளர் நாடகப் பருவம் நிகழ்ந்தது. ஆண்களிடையிலான தன்பாலுறவைக் குற்றமென்னும் நிலையிலிருந்து இங்கிலாந்துச் சட்டம் வரையறையோடு விடுவித்து எட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. மார்ட்டின் ஷெர்மனின் 'பாஸிங் பை' இப்பருவத்தில் இடம்பெற்ற நாடகங்களுள் ஒன்று; பின்னர்ப் பெயர்பெற்ற சைமன் காலோ அதில் நடித்தார். இப்பருவத்திலிருந்து பிறந்த கே ஸ்வெட்ஷாப் என்னும் குழு 1997வரை இயங்கியது. நாஜி முகாம்களில் தன்பாலீர்ப்பாளர் அடைந்த துன்பத்தைப் பேசும் ஷெர்மனின் 'பெண்ட்' 1979இல் ராயல் கோர்ட்டில் அரங்கேறியது.

இச்செய்திகளை அடுக்கும்போதே ஆய்வாளர் ஒரு பொறியில் விழுகிறார். இக்கட்டுரையும் மேற்கண்ட மூன்று பத்திகளில் அப்பொறியில் விழுந்துள்ளது. ராயல் கோர்ட்டை எட்டியது, ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியால் நிகழ்த்தப்பட்டது என ஒவ்வொரு பெயரும் மாலை அரங்கின் முத்திரையோடு முடிகிறது. முத்திரை பெறாத நாடகங்கள் தலைப்புகளாகக்கூட எஞ்சுவதில்லை. பல அச்சேறவில்லை. நாற்றங்கால் என்னும் உருவகம் இவ்வகையில் ஒரு தேர்வு முறையாகச் செயல்படுகிறது. பிடுங்கி நடப்பட்டதையே பயிர் என்கிறது. நட்ட இடத்தில் கதிர்விட்டதைக் காண்பதில்லை.

அத்துடன் கசப்பான வினா ஒன்றும் எழுகிறது. கறுப்பினத்தவர், பெண்கள், தன்பாலீர்ப்பாளர் ஆகியோருக்கு ஏன் நண்பகல்? அரங்கின் மாலைகள் அவர்களுக்குத் திறந்திருக்கவில்லை என்பதே நேரான விடை. 'பருவம்' என்னும் ஏற்பாடே இருமுகம் கொண்டது. வாய்ப்பு தருகிறது; அதே வேளையில் முடிவுத் தேதியையும் சேர்த்தே தருகிறது. அடுத்த பருவத்தில் கூடம் வேறொருவருடையது. ஒதுக்கீடு ஒதுக்கலாகவும் மாறக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை.

இங்குதான் 1973, 1975 ஆகிய ஆண்டுகளின் பருவங்கள் தனித்துத் தெரிகின்றன. அவற்றின் விளைவு நாடகங்கள் மட்டுமல்ல, குழுக்களும்கூட. பங்கேற்றோர் தமக்குத் தரப்பட்ட பொழுது முடிந்தவுடன் திரும்பிச் செல்ல மறுத்து, தமக்கென நிலையான அமைப்புகளை உருவாக்கிக்கொண்டனர். குழுக்கள் மாலை அரங்கின் ஏற்பை எதிர்நோக்கி உருவாகவில்லை. சுற்றுப்பயணம் செய்து, தமக்குரிய பார்வையாளரைத் தாமே தேடிச் சென்றன. அறைக்கு உரிமையாளர் திரும்பி வரும்போது, புகுந்தவர் தமக்கென ஓர் அறையைக் கட்டிக்கொண்டுவிட்டார். ஸ்டாப்பர்டின் உள்நாடகம் குடியுரிமையை நகைச்சுவையாக வழங்கியது. இவர்கள் அதை அமைப்பாக்கிப் பெற்றனர்.

6. மலிவின் விலை

மதியவேளை அரங்கைப் போற்றும் எழுத்துகளில் 'எளிமை', 'துணிவு' என்னும் சொற்கள் அடிக்கடி வருகின்றன. எளிமைக்கும் ஒரு கணக்கு உண்டு. சிறு கூடம், நாளுக்கு ஒரு காட்சி, இயன்றதைக் கொடுக்கும் கட்டணம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் கிடைக்கும் தொகை இருவர் அல்லது மூவர் கொண்ட நடிகர் குழுவுக்கும் முழு ஊதியம் தரப் போதாது. மானியம் வந்தாலும் குறையை நிரப்புவது கலைஞரின் உழைப்பே. இழப்பு குறைந்தது என்று முன்னர்க் கூறினோம். அரங்குக்கு இழப்பு குறைந்ததன் காரணங்களுள் ஒன்று, அதன் ஒரு பகுதியை நடிகரும் எழுத்தாளரும் ஏற்றுக்கொண்டது. இவ்வுண்மையை ஒதுக்கிவிட்டு நண்பகலின் விடுதலையை மட்டும் பேசுவது நேர்மையன்று.

ஆயினும் மலிவு பிரதியின் மீதும் செயல்பட்டது. ஓரிரு நடிகர், மாறாத ஒரே களம், கையில் எடுத்துவரக்கூடிய பொருள்கள் ஆகிய வரம்புகள் பேச்சின்மேல் சுமையை ஏற்றுகின்றன. 'நியூ-ஃபௌண்ட்-லேண்ட்' ஒரு கண்டத்தையே ஒருவரின் தொடர்ப்பேச்சில் அடக்குகிறது. பொருட்செலவால் காட்ட இயலாததைச் சொல்லால் காட்டும் இவ்வழி கூத்துக்கலைஞருக்கும் பழக்கமானது.

7. கிளாஸ்கோ: பொழுது நிலைபெற்ற இடம்

இலண்டனின் அலை எண்பதுகளுக்குள் தணிந்தது. நண்பகல் நாடகம் நிலைத்த நிறுவனமாக முடியும் என்பதற்குச் சான்று ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. டேவிட் மெக்லெனன் 2004இல் கிளாஸ்கோவில் 'எ ப்ளே, எ பை அண்ட் எ பின்ட்' என்னும் திட்டத்தைத் தொடங்கினார். ஓரன் மோர் என்னும் பெயரில் உணவக, அரங்க வளாகமாக மாற்றப்பட்ட முன்னாள் தேவாலயம் ஒன்றின் கீழ்த்தளத்தில், பகல் ஒரு மணிக்கு, வாரத்துக்கொரு புதிய நாடகம். ஒரே நுழைவுச்சீட்டில் நாடகமும் இறைச்சி அடைத்த ஒரு பணியாரமும் ஒரு குவளைப் பானமும் அடங்கும். மெக்லெனன் 2014இல் மறைந்தபின்னும் திட்டம் தொடர்கிறது.

அவருடைய முன்வரலாறு இங்குப் பொருளுடையது. ஊர்ப்புற மண்டபங்களுக்கு அரசியல் நாடகத்தைக் கொண்டுசென்ற 7:84 ஸ்காட்லாந்து குழுவின் நிறுவனர்களுள் அவரும் ஒருவர். பின்னர் வைல்ட்கேட் குழுவை நடத்தினார். 1997இல் அரசு மானியம் நிறுத்தப்பட்டதால் வைல்ட்கேட் முடங்கியது. மானியத்தின் நிலையாமையை அறிந்தவர் உணவோடும் பானத்தோடும் நாடகத்தைப் பிணைத்தது தற்செயலன்று. பெர்மனின் 'இயன்றதைக் கொடு' என்னும் விதியும் மெக்லெனனின் 'உணவும் சேர்ந்தது' என்னும் விதியும் ஒரே சிக்கலுக்கான இரு விடைகள். முன்னது கட்டணத்தைத் தளர்த்திப் பார்வையாளரை அழைத்தது. பின்னது எப்படியும் வாங்க வேண்டிய மதிய உணவின் விலைக்குள் நாடகத்தைச் சேர்த்தது.

கிளாஸ்கோவின் அனுபவம் இக்கட்டுரையின் வாதத்துக்குத் திருத்தமும் தருகிறது. ஆண்டுக்கு முப்பதுக்கும் மேற்பட்ட புதிய நாடகங்கள் எனும்போது எழுத்தாளருக்குத் தொடர்ந்து வேலை கிடைக்கிறது. பருவம் என்னும் முடிவுத் தேதி நீங்குகிறது. அதே வேளையில் வாரந்தோறும் ஒன்று என்னும் ஓட்டம், ஒரு நாடகத்தை மீண்டும் திருத்தி எழுதும் ஓய்வைச் சுருக்குகிறது. பயணத்தையும் சேர்த்தால் ஒரு மணி நேர உணவு இடைவேளைக்குள் இந்நிகழ்வு அடங்குவதும் அரிது. எனவே பகலைத் தமக்கென உடையவர்களுக்கே அது எளிதாகிறது. அலுவலக ஊழியரின் இடைவேளைக்கெனப் பிறந்த வடிவம் மெல்ல வேறொரு பார்வையாளரைச் சென்றடைவது, பொழுதும் வரலாற்றுக்கு உட்பட்டது என்பதையே காட்டுகிறது.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு:

மதியவேளை நாடகத்தின் குறுமை அமைப்பால் வந்ததன்று, பொழுதால் வந்தது. எனவே அதனை ஓரங்க நாடகத்தின் கிளையாக வகைப்படுத்துவது முழுமையாகாது.

ஸ்டாப்பர்டின் மூன்று நாடகங்களிலும் நண்பகலின் சூழல் பிரதிக்குள் நுழைந்துள்ளது. கடந்து செல்வோரின் பார்வை, பகல் நேர உழைப்பு, இடைவேளையில் புகுதல் ஆகியவை முறையே அவற்றின் பொருளாகவும் அமைப்பாகவும் விளங்குகின்றன. மாலை அரங்குக்கு மாறும்போது இவ்வியைபு குறைகிறது.

பெண்கள், தன்பாலீர்ப்பாளர் ஆகியோரின் பருவங்களை, பின்னாளில் பேரரங்கை எட்டிய தனிமனிதர்களைக் கொண்டு மதிப்பிடுவதைவிட, அவற்றிலிருந்து உருவான குழுக்களைக் கொண்டு மதிப்பிடுவதே பொருத்தம்.

நண்பகல் வழங்கிய வாய்ப்பு, குறைந்த ஊதியத்தின்மீதும் நிலையற்ற உரிமையின்மீதும் எழுந்தது. இதனையும் சேர்த்துச் சொல்லும் வரலாறே நிறைவானது.

நாற்றங்கால் என்னும் உருவகத்தை முற்றிலும் கைவிட வேண்டியதில்லை. சில நாற்றுகள் பிடுங்கி நடப்பட்டன, செழித்தன. ஆனால் விதைத்த இடத்திலேயே முளைத்துக் கதிர்விட்டு அறுவடையாகும் பயிர்களும் உண்டு; அந்நிலத்தை நாற்றங்கால் என்று எவரும் அழைப்பதில்லை. ரூபர்ட் வீதியில் ஐம்பது நிமிடம் நாடகம் பார்த்துவிட்டு மேசைக்குத் திரும்பிய ஊழியரின் பிற்பகலில் அது என்ன விளைத்தது என்பதற்கு ஆவணமில்லை. ஆவணமில்லாத காரணத்தாலேயே விளைச்சலும் இல்லை என்று முடிவுகட்டுவது ஆய்வு நெறியாகாது. நாடக நிகழ்வுகளைத் தொகுக்கும் நம் ஆய்வேடுகளும் இடம், ஆண்டு, இயக்குநர் ஆகியவற்றோடு நிகழ்ந்த பொழுதையும் பதிவுசெய்யத் தொடங்குமானால், இனிவரும் ஆய்வாளருக்கு இவ்வினாவை இன்னும் உறுதியான சான்றுகளோடு எழுப்ப முடியும்.